சிங்கத்தைத் தேய்த்துவிடாதீர்கள்

போன மாதம் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் வந்தார். கையில் மஞ்சள் பை. அதற்குள் பழைய வேட்டித் துணியில் சுற்றிய 48 உருப்படிகள்: மேசைக் கரண்டி, முள்கரண்டி, தேக்கரண்டி. எல்லாம் கொள்ளுத்தாத்தா காலத்து வெள்ளி. துணியை விலக்கியதும் அவருக்கு முகம் மலர்ந்தது, எனக்கு வயிற்றைக் கலக்கியது. அத்தனையும் கண்ணாடிபோல் பளபளத்தன. “பட்டறையில் கொடுத்து மெருகு போட்டுக் கொண்டுவந்திருக்கிறேன் சார், பார்க்க லட்சணமாக இருக்க வேண்டுமே” என்றார்.

இருபது ஆண்டுகளுக்கு முன் நானும் இதே பெருமையோடு ஒரு பையைத் திறந்தவன்தான். கும்பகோணத்தில் பழைய வெள்ளி வாங்கி விற்பது என் தொழில். பழைய வெள்ளியை விற்கக் கிளம்புகிறவர்களிடம், தராசைக் கவனியுங்கள், அன்றைய விலையைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள் என்பதையெல்லாம் வீட்டுப் பெரியவர்களே சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொல்லாமல் விடுகிற தவறுகளைச் சொல்கிறேன்.

முலாமை வெள்ளி என்று நம்புவது

கரண்டியின் பின்புறம் இ, பி, என், எஸ் என்று நான்கு எழுத்துகள், ஒவ்வொன்றும் தனித்தனிக் கேடயத்துக்குள் இருக்கும். ஏதோ அரச முத்திரை என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். நிக்கல் கலந்த உலோகத்தின் மேல் மின்முலாம் பூசியது என்பதுதான் அந்த எழுத்துகளின் பொருள். உள்ளே இருப்பதை ஜெர்மன் சில்வர் என்போம். செம்பு, துத்தநாகம், நிக்கல் மூன்றும் சேர்ந்தது; பெயரில் மட்டும்தான் வெள்ளி. எல்கிங்டன் நிறுவனத்தார் 1840இல் மின்முலாமுக்குக் காப்புரிமை பெற்ற பிறகு இந்தச் சரக்கு உலகம் முழுவதும் பரவியது, நம் மிராசு வீடுகள் உட்பட.

கடையில் இருக்கும் எக்ஸ்ரே இயந்திரம் காட்டிக்கொடுத்துவிடும் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அது மேல்தோலை மட்டுமே படிக்கும். மின்முலாம் ஏறக்குறைய சுத்த வெள்ளி. ஸ்டெர்லிங் என்கிற ஆங்கிலேயர் தரத்திலோ 1000 பங்கில் 925 பங்குதான் வெள்ளி, கடைப் பேச்சில் தொண்ணூற்றிரண்டரை டச். ஆங்கிலேயர் காலத்துக் கரண்டியில் இயந்திரம் 99 காட்டினால் முலாமோ என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். கரண்டிக் குழியின் அடியும் முள்ளின் நுனியும் தேயும் இடங்கள். அங்கே மஞ்சளோ சாம்பலோ எட்டிப் பார்க்கிறதா என்று பாருங்கள்.

சிங்கம் இல்லாததெல்லாம் போலி என்பது

இங்கிலாந்தில் செய்த ஸ்டெர்லிங் கரண்டியின் காம்புக்குப் பின்னால் பொடிப்பொடியாக ஒரு முத்திரை வரிசை இருக்கும். நடக்கும் சிங்கம் தரத்தைச் சொல்லும். நங்கூரம் இருந்தால் பர்மிங்ஹாம், சிறுத்தைத் தலை இருந்தால் லண்டன், கிரீடம் இருந்தால் ஷெஃபீல்டு. ஓர் ஆங்கில எழுத்து ஆண்டைச் சொல்லும். எழுத்தின் பாணியையும் அதைச் சூழ்ந்த கேடயத்தின் வடிவத்தையும் சேர்த்துத்தான் ஆண்டைக் கணக்கிட வேண்டும். செய்தவரின் பெயரெழுத்துகளும் இருக்கும். அரசரோ அரசியோ தலை காட்டினால் அது வரி கட்டியதன் அடையாளம். 1784 முதல் 1890 வரை அந்த வழக்கம் இருந்தது.

ஆனால் மதராஸில் செய்த வெள்ளிக்கு இந்த வரிசை கிடையாது. மவுண்ட் ரோடு பி.ஓர் அண்ட் சன்ஸ் போன்ற கடைகள் தங்கள் பெயரை மட்டுமே குத்தின. காம்பில் சாமி உருவங்கள் புடைத்த மதராஸ் வேலைப்பாட்டைச் சிங்கம் இல்லை என்பதற்காக உருக்கக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். அதைத் தேடி அலைகிற சேகரிப்பாளர்களையும் தெரியும்.

மெருகு போடுவது

இப்போது என் கதை. மயிலாடுதுறைப் பக்கம் ஒரு வீட்டில் பத்தாயத்துக்குப் பின்னால் இருந்த மரப்பெட்டியிலிருந்து 36 உருப்படிகள் வாங்கினேன். பர்மிங்ஹாம் வேலை. கரியாகக் கறுத்திருந்தன. காம்பின் முன்புறம் வீட்டுக்காரரின் பெயரெழுத்து வெட்டியிருந்தது. அன்றே பட்டறைக்குக் கொண்டுபோய், “பெயரை அழித்து நன்றாக மெருகு போடுங்கள்” என்றேன். பத்தர் பெரியவர் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இப்படியே இருக்கட்டுமே” என்றார். நான் கேட்கவில்லை. கூலிக்குச் சோம்பல்படுகிறார் என்று நினைத்தேன்.

சென்னையிலிருந்து வாங்க வந்தவர் முதல் கரண்டியைக் கையில் எடுத்தார், பின்புறம் திருப்பினார், லென்ஸை வைத்தார். அடுத்ததை எடுத்தார். ஆறாவது கரண்டியில் நிமிர்ந்து, “சிங்கம் எங்கே ஐயா?” என்று கேட்டார்.

சிங்கம் பட்டறைத் தூசியோடு போய்விட்டது. முத்திரை என்பது ஊசி நுனிபோன்ற நுணுக்கத்தில் குத்தியது. வேகமாகச் சுழலும் துணிச் சக்கரமும் சிவப்புப் பொடியும் அதன் விளிம்பை முதலில் தின்னும். சிங்கம் நாயாகும், நாய் புள்ளியாகும், அப்புறம் வழவழப்பு. பெயரை அழித்த இடம் இன்னும் மோசம். எழுத்தின் ஆழத்துக்குச் சுற்றிலும் உலோகத்தைச் சுரண்டினால்தான் எழுத்து போகும். அங்கே தகடு மெலிந்து, கட்டைவிரலுக்குப் பள்ளம் தட்டுப்படும். வாயால் ஊதி ஆவி படியவிட்டால் பழைய எழுத்து நிழலாக எழுந்து வரும். அவர் ஊதிக் காட்டினார். தஞ்சாவூர்க் கோர்ட்டு வக்கீல் ஒருவரின் பெயரெழுத்து என் கண்ணெதிரே வந்து மறைந்தது. அதை விட்டுவைத்திருந்தால் அந்தப் பெட்டி யார் வீட்டிலிருந்து வந்தது என்பதற்குச் சாட்சியாக நின்றிருக்கும்.

அத்தனையும் உருக்கு விலைக்குத்தான் போனது. பணம் போனதைவிட எனக்கு இன்னும் எரிச்சல் தருவது வேறு. வாழை இலையில் கையால் சாப்பிட்ட வீட்டில் முள்கரண்டிக்கு என்ன வேலை? என்றைக்காவது கலெக்டரோ துரையோ தேநீருக்கு வந்தால் வெளியே எடுப்பார்கள், மறுநாள் உள்ளே போய்விடும். இங்கிலாந்தில் இதே வயதுக் கரண்டிகள் தினந்தோறும் மூன்று வேளை தட்டில் உரசித் தேய்ந்திருக்கும், முள் குட்டையாகியிருக்கும். நம் டெல்டாக் கரண்டிகளின் பெருமையே யாரும் அவற்றால் சாப்பிடவில்லை என்பதுதான். தலைமுறை தலைமுறையாகப் பத்தாயமும் இருட்டும் காப்பாற்றிக் கொடுத்ததைப் பத்து நிமிடத்தில் சக்கரத்துக்குக் கொடுத்துவிட்டேன்.

கறுப்பு அழுக்கு அல்ல. காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்த மெல்லிய படலம் அது. வாங்குகிறவருக்கு அதைப் பார்த்துப் பயமில்லை. மனம் கேட்கவில்லை என்றால் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு துளி சோப்பு, பழைய பருத்தித் துணி, அவ்வளவே போதும். புளி, சாம்பல், பாத்திரம் துலக்கும் பொடி எதுவும் வேண்டாம். விபூதிகூட வேண்டாம்; குத்துவிளக்குக்குத் தேயுங்கள், முத்திரைக்குத் தேய்க்காதீர்கள்.

பாகம் பிரிப்பது

ஒரு வீட்டில் மூத்தவருக்குக் கரண்டி, இளையவருக்கு முள்கரண்டி, தங்கைக்குத் தேக்கரண்டி என்று நியாயமாகப் பிரித்துக்கொண்டார்கள். பன்னிரண்டு பேர் அமரும் முழுச் செட்டாக விற்றிருக்க வேண்டியது, மூன்று கடைகளில் மூன்று எடைச் சீட்டாக முடிந்தது. விற்றுப் பணத்தைப் பிரியுங்கள்.

கத்தியை எடையில் சேர்ப்பது

அலகு எஃகு; பிடி வெறும் தகடு, உள்ளே அரக்கு.

ரப்பர் பாண்டு போட்டுக் கட்டுவது

ரப்பரில் கந்தகம் இருக்கிறது. கட்டிய இடத்தில் கறுப்புக் கோடு விழும்.

லண்டனில் இருக்கும் பிள்ளையிடம் கொடுத்தனுப்புவது

அங்கே நல்ல விலை கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். நூறு ஆண்டு கடந்த கைவினைப் பொருளைத் தொல்பொருளாகக் கருத 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைப் பொக்கிஷச் சட்டத்தில் இடமிருக்கிறது. அப்படிப்பட்டதைத் தனிநபர் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. அந்த ஆண்டு எழுத்து 1900 என்று சொன்னால், விமான நிலையத்தில் அது பிள்ளையின் பெட்டியில் இருக்கக் கூடாது. சந்தேகமிருந்தால் தொல்லியல் துறையில் காட்டி, தொல்பொருள் அல்ல என்ற சான்று கிடைக்குமா என்று பாருங்கள்.

மன்னார்குடி இளைஞரின் 48 உருப்படிகளையும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இரண்டில் நங்கூரத்தின் கீழ்ப்பாதி தெரிந்தது. மற்றவை வழவழவென்றிருந்தன. எடைக்கு என்ன வருமோ அதைச் சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்று பையைக் கட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் தொலைபேசியில் அழைத்தார். பாட்டியின் சர்க்கரை டப்பாவுக்குள் ஒன்றும் பரண்மேல் இரண்டும் கிடைத்திருக்கின்றனவாம், கரிக்கட்டையாக.

“தேய்த்துக் கொண்டுவரட்டுமா சார்?”

“தம்பி, கிடந்தபடியே கொண்டுவாருங்கள். துணியால்கூடத் துடைக்காதீர்கள்.”