பவளத் தொட்டியைப் பாதியில் கைவிட வைக்கும் தவறுகள்

சிங்கப்பூரில் பயன்படுத்திய பொருள்களை விற்கும் செயலிகளைத் திறந்தால் பவளத் தொட்டி, அதாவது உயிருள்ள பவளங்களையும் மீன்களையும் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, ஒன்றாவது விற்பனைக்கு இருக்கும். தொட்டி, அலமாரி, விளக்கு, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர், காற்றுக் குமிழியால் அழுக்கை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மர் எல்லாம் சேர்த்து ஒரே விலை. 'பராமரிக்க நேரமில்லை' என்று காரணம் போட்டிருப்பார்கள். நேரில் போய்ப் பேச்சுக் கொடுத்தால் வேறு கதை வரும். பவளங்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கிச் செத்திருக்கும். ஏன் செத்தன என்று கடைசிவரை அவர்களுக்குத் தெரிந்திருக்காது. செலவையும் உழைப்பையும் பலர் தாங்கிக்கொள்கிறார்கள். காரணம் தெரியாமல் உயிர்கள் சாவதைத்தான் தாங்க முடிவதில்லை.

அமோனியா அடங்குமுன் மீன் விடுவது, ஒரே வாரத்தில் தொட்டியை நிரப்புவது, அளவில்லாமல் தீனி போடுவது பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதை யாரும் சொல்லித் தருவார்கள். புதிதாக வருகிறவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போய் விழுகிற குழிகள் வேறு.

## சில்லரை அலமாரிக்குள் பூட்டி வைப்பது

நம் ஊரில் ஏசி இல்லாத அறையே 29, 30 டிகிரியில் இருக்கும். விளக்கும் பம்புகளும் தண்ணீரை இன்னும் சூடாக்கும். பவளத்துக்கு 25, 26 போதும். அதனால் சில்லர் வாங்குகிறார்கள், சரி. வாங்கியதைச் சத்தம் கேட்கிறதென்றோ பார்க்க அழகாக இல்லையென்றோ அலமாரிக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். சில்லர் தண்ணீரிலிருந்து எடுத்த சூட்டை வெளியே தள்ளும் கருவி. மூடிய பெட்டிக்குள் அது தான் தள்ளிய சூட்டையே திரும்ப இழுத்துக்கொண்டு இரவும் பகலும் ஓயாமல் ஓடும். மின்கட்டணம் ஏறும், கம்ப்ரசர் சீக்கிரம் போகும், தண்ணீர் மட்டும் 28க்குக் கீழே இறங்காது. வெளியே வையுங்கள். முடியாவிட்டால் அலமாரியின் பின்பலகையை அறுத்துத் திறந்துவிட்டு, சூடான காற்றை வெளியே இழுக்க ஒரு விசிறி மாட்டுங்கள்.

சில்லருக்குப் பதில் விசிறி மட்டும் போதுமா என்று கேட்பவர்கள் உண்டு. தண்ணீர் ஆவியானால்தான் விசிறியால் குளிரும். இங்கே இருக்கிற ஈரப்பதத்தில் அதை நம்பிப் பவளம் வளர்க்க முடியாது.

## குழாய்த் தண்ணீரை ஓர் இரவு வைத்திருந்து ஊற்றுவது

குளோரின் என்றால் பறந்துவிடும். சிங்கப்பூர்க் குழாயில் வருவது குளோரமைன். வாளியில் வைத்தால் அது லேசில் போகாது, உடைந்தால் அமோனியாவை விட்டுவிட்டுப் போகும். நல்ல கார்பன் வடிகட்டியும், மிச்ச அயனிகளைப் பிடிக்கும் டிஐ பிசினும் உள்ள ஆர்ஓ சுத்திகரிப்புக் கருவி வாங்குங்கள். அதற்குக் காசில்லை என்றால் தொட்டியைக் கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்கள்.

## பிஎச்சைத் துரத்துவது

பிஎச் என்பது தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண். இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்கு எரிச்சல் வரவைப்பது அதைத் துரத்தும் இந்த ஒரு தவறுதான். நல்ல நிலையில் இருக்கிற தொட்டியை, அக்கறையோடு பார்த்துக்கொள்கிற ஆளே தன் கையால் கொல்ல வைக்கிற தவறு.

செங்காங்கில் ஒரு தம்பி. வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீடு, படுக்கையறையில் தொட்டி. இரவு முழுக்க ஏசி ஓடும், சன்னல் சாத்தியிருக்கும், கணவன், மனைவி, குழந்தை மூவரும் அதே அறையில் தூங்குவார்கள். சோவாந்திட்கள் என்ற மென்மையான பவள வகையும் ஹேமர் என்ற கல்பவளமும் நன்றாக விரிந்து நின்றன. அப்புறம் ஒரு பிஎச் மீட்டர் வாங்கினார். காலையில் அளந்தால் 7.8 காட்டியது. ஏதோ ஒரு பெட்டியில் 8.3 இருக்க வேண்டும் என்று அச்சடித்திருந்ததைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனார். பிஎச் ஏற்றும் பொடி ஒரு டப்பா கொடுத்தார்கள். போட்டதும் 8.2. மறுநாள் காலை மறுபடி 7.8. திரும்பவும் போட்டார். சில வாரம் இப்படியே போயிருக்கிறது. "அண்ணே, தினமும் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், காலைல பாத்தா அதே நம்பர்தான் வருது" என்று கூப்பிட்டார்.

போய் நான் முதலில் அளந்தது கேஎச்சை, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட்டின் அளவை. 14ஐத் தாண்டியிருந்தது. கால்சியம் குறைந்து 330 பிபிஎம் (பத்து லட்சத்தில் 330 பங்கு) ஆகியிருந்தது. பம்பைக் கழற்றினால் சுழலியெல்லாம் வெள்ளையாகக் கரகரவென்று படிந்து கிடந்தது. ஹேமர் உள்ளே சுருங்கி, எலும்பு வெளியே தெரிந்தது.

அங்கே நடந்தது இதுதான். வெளிக்காற்றில் கரியமில வாயு சுமார் 420 பிபிஎம் இருக்கிறது. சன்னல் சாத்திய அறையில் ஆட்கள் தூங்கினால் அது எளிதாக ஆயிரத்தைத் தாண்டும். அந்தக் காற்றைத்தான் ஸ்கிம்மர் இழுத்து இழுத்துத் தண்ணீரில் கலக்கிறது. வாயு கரைந்து கார்பானிக் அமிலமாகி பிஎச்சைக் கீழே இறக்குகிறது. தொட்டியில் எந்தச் சத்தும் குறையவில்லை. குறை அறையின் காற்றில். இந்த நிலையில் பொடியைப் போட்டால் பிஎச் சில மணி நேரம் ஏறும். அதற்குள் காற்றிலிருந்து இன்னும் கொஞ்சம் வாயு கரைந்து பழைய இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து விட்டுவிடும். பொடியிலிருந்த கார்பனேட் மட்டும் போகாது. அது தண்ணீரிலேயே தங்கி கேஎச்சாகச் சேர்ந்துகொண்டே இருக்கும். பிஎச் மீட்டரில் அது தெரியாது.

கடல்நீரின் கேஎச் ஏறத்தாழ 7. தொட்டியில் 7 முதல் 9 வரை வைத்துக்கொள்ளலாம். அது 12, 13 என்று போகும்போது தண்ணீரிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து சுண்ணாம்புக்கல்லாகப் படியத் தொடங்கும், முதலில் பம்பிலும் சூடான பாகங்களிலும். மக்னீசியம் 1300 பிபிஎம் அளவில் இருந்தால் இதைக் கொஞ்சம் தடுத்து நிறுத்தும், அதற்கும் ஓர் எல்லை உண்டு. கால்சியம் குறைந்ததைப் பார்த்துவிட்டு அதற்கொரு பாட்டில் வாங்கி ஊற்றுவார்கள். படிவு இன்னும் கூடும்.

இதற்கு அடுத்து வருகிற தவறு இன்னும் மோசம். கேஎச் 14 என்று தெரிந்த பதற்றத்தில் பாதித் தண்ணீரை ஒரே நாளில் மாற்றுவார்கள். உயர்ந்த கேஎச்சைத் தாங்கிக்கொண்டு கிடந்த பவளம் இந்தத் திடீர் இறக்கத்தில் சாகும். பொடியை நிறுத்துங்கள். பவளமும் பாறைமேல் படரும் செம்பாசியும் கார்பனேட்டைத் தாமே எடுத்துக்கொள்ளும். சிறிது சிறிதாகத் தண்ணீர் மாற்றுங்கள். ஒரு நாளைக்கு கேஎச் 1க்கு மேல் மாறக்கூடாது, அரை மாறினால் இன்னும் நல்லது.

காரணம் காற்றுதானா என்று கண்டுபிடிக்கக் காசே வேண்டாம். ஒரு குவளைத் தொட்டித் தண்ணீரை எடுத்து பிஎச் பாருங்கள். வெளியே நடைபாதையில் வைத்து, காற்றுக்கல்லைப் போட்டு ஒரு மணி நேரம் குமிழி விடுங்கள். மறுபடி அளந்து பாருங்கள். நன்றாக ஏறியிருந்தால் குற்றவாளி உங்கள் அறைக்காற்று. ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை நீட்டிச் சன்னல் இடுக்கு வழியாக வெளியே விடுங்கள். பகலில் சன்னலைத் திறந்து வையுங்கள். சம்ப்பில் (தொட்டிக்குக் கீழே இருக்கும் துணைத் தொட்டியில்) பாசி வளர்த்து அதற்கு இரவில் விளக்கு போடலாம், பாசி கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும். ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாகச் சுண்ணாம்பு நீரைச் சொட்டுச் சொட்டாக விடுவதும் நல்ல வழி. தூய கால்சியம் ஹைட்ராக்சைடு வாங்குங்கள், வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பு வேண்டாம். அந்த நீரின் பிஎச் 12க்கு மேல், மொத்தமாக ஊற்றினால் தொட்டியே போய்விடும். கேஎச்சையும் கால்சியத்தையும் சேர்த்து ஏற்றும் என்பதால் அளந்துகொண்டே போடுங்கள்.

இதெல்லாம் செய்தும் காலையில் 7.9 காட்டினால் விட்டுவிடுங்கள். விளக்கு எரியுமுன் பிஎச் அடிமட்டத்தில் இருக்கும், சாயங்காலம் ஏறும். 7.8க்கும் 8.3க்கும் நடுவில் எத்தனையோ அருமையான தொட்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. வளர்ச்சி சற்று மெதுவாக இருக்கும், அவ்வளவுதான்.

தொட்டி எந்த அறையில் இருக்கிறது, சன்னல் திறப்பீர்களா என்று அந்தக் கடையில் ஒரு கேள்வி கேட்டிருந்தால் தம்பியின் ஹேமர் பிழைத்திருக்கும். டப்பா விற்றார்கள், கேள்வி கேட்கவில்லை. அவர் தொட்டியை விற்றுவிட்டார்.

## ஆவியான தண்ணீருக்கு உப்புத் தண்ணீர் ஊற்றுவது

உப்பு ஆவியாகாது. ஆர்ஓ தண்ணீர் மட்டும்.

## செம்பு கலந்த மருந்தைப் பவளத் தொட்டியில் போடுவது

போடாதீர்கள். மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி அங்கே மருந்து கொடுங்கள். செம்பு இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொல்லும், பாறையிலும் மணலிலும் ஊறிக்கொண்டு எளிதில் போகாது.

## ஆரம்பத்திலேயே அக்ரோபோரா

அக்ரோபோரா என்ற கிளைவிடும் கல்பவளத்துக்கு நிலையான தண்ணீர் வேண்டும். புதுத் தொட்டியில் எதுவும் நிலையாக இருக்காது. ஒரு வருடம் மென்பவளங்களோடு ஓட்டிவிட்டு, கேஎச் வாரக்கணக்கில் ஆடாமல் நின்றால் அப்போது ஒரு சின்னத் துண்டு வாங்கிப் பாருங்கள்.

## இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு

நாங்கள் இங்கே சாதாரணமாகக் கடையில் வாங்கும் கல்பவளங்கள் இந்தியாவின் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில், புலிக்குப் பக்கத்தில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து வந்தது என்று சொல்லி யாராவது விற்றால் தொடவே தொடாதீர்கள்.

## மூடுவதென்றே முடிவானால்

உயிர்களுக்கு முதலில் இடம் பாருங்கள். தொட்டி வைத்திருக்கும் வேறு யாரிடமாவது கொடுங்கள், திரும்ப எடுத்துக்கொள்ளும் கடைகளும் உண்டு. ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் கொண்டுபோய் விடாதீர்கள், அது சட்டப்படி குற்றம். நம் பக்கத்துக் கடலைச் சேர்ந்த சிங்கமீன் 1985இல் ஃபுளோரிடாவுக்கு அருகே முதலில் தென்பட்டது. தொட்டிகளிலிருந்து விடப்பட்டவையே காரணம் என்று கருதப்படுகிறது. இன்று கரீபியன் கடல் முழுக்க அது உள்ளூர் மீன் குஞ்சுகளைத் தின்றுகொண்டிருக்கிறது.

கருவிகளை விற்குமுன் பம்பையும் ஸ்கிம்மரையும் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துக் கழுவுங்கள். உப்பு காய்ந்து இறுகிவிட்டால் வாங்குபவருக்கு ஓடாது. சில்லரை மட்டும் கடைசியாகக் கழற்றுங்கள், கடைசி மீன் வேறு வீட்டுக்குப் போகும்வரை அது ஓட வேண்டும்.