எடை குறைய புரோபயாட்டிக் வாங்கும் முன் இதைச் செய்யுங்கள்

புரோபயாட்டிக் (உயிருள்ள நல்ல பாக்டீரியா அடங்கிய) மாத்திரை போட்டால் தொப்பை கரையும் என்று நம்பிப் பணம் கட்டாதீர்கள். மனிதர்களிடம் செய்த சோதனைகளில் எடை குறைந்தது கொஞ்சம்தான், பலவற்றில் அதுவும் இல்லை. அதற்காகக் குடல் பாக்டீரியாவுக்கும் உடல் பருமனுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லவில்லை.

2013-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் விஞ்ஞானி ஜெஃப்ரி கார்டனின் குழு, ஒருவர் பருமனாகவும் மற்றவர் ஒல்லியாகவும் இருந்த இரட்டையர்களின் குடல் பாக்டீரியாவை எடுத்து, கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குள் செலுத்தியது. பருமனானவரின் பாக்டீரியா போன எலிகளுக்குக் கொழுப்பு ஏறியது. இரண்டு வகை எலிகளையும் ஒரே கூண்டில் விட்டபோது (எலிகள் ஒன்றின் புழுக்கையை இன்னொன்று தின்னும்) ஒல்லியானவரின் பாக்டீரியா மற்ற எலிக்குள்ளும் குடியேறி, கொழுப்பு ஏறாமல் தடுத்தது. ஆனால் நார்ச்சத்து அதிகமாகவும் கொழுப்பு குறைவாகவும் உள்ள தீனி போட்டால்தான் அது நடந்தது. நல்ல பாக்டீரியா உள்ளே போனால் மட்டும் போதாது, அதற்குத் தீனியும் வேண்டும்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாளுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து சொல்கிறது. ஒரு கப் வெள்ளைச் சோற்றில் ஒரு கிராம் கூடத் தேறாது, ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலில் சுமார் 12 கிராம் இருக்கிறது. அதனால் மாலையில் பஜ்ஜிக்குப் பதில் சுண்டல், மதியம் சோற்றைக் குறைத்து கீரையும் அவரைக்காய்ப் பொரியலும் கூட்டுங்கள். திடீரென்று ஏற்றினால் வயிறு உப்பி, வாயு பிடித்து, இரண்டே நாளில் விட்டுவிடுவீர்கள். வாரம் வாரம் கொஞ்சமாக ஏற்றி, தண்ணீரும் கூடக் குடியுங்கள்.

இட்லி மாவு புளித்ததுதான், ஆனால் ஆவியில் வேகும்போது அந்த பாக்டீரியா செத்துவிடும். மோர்க்குழம்பும் அப்படித்தான். உயிரோடு வேண்டுமென்றால் கொதிக்க வைக்காத தயிர், மோர், பழைய சோறு. இரவு மிஞ்சிய சோறு சூடு தணிந்ததுமே மூழ்கத் தண்ணீர் ஊற்றி மூடிவிடுங்கள், மணிக்கணக்கில் அப்படியே வெளியே கிடந்த சோறு வேண்டாம். காலையில் பிசைந்து மோர், உப்பு, சின்ன வெங்காயம் சேர்த்தால் போதும், சூடு பண்ண வேண்டாம். கெட்ட வாடையோ பிசுபிசுப்போ இருந்தால் யோசிக்காமல் கொட்டுங்கள். அப்புறம், பழையதும் சோறுதான். சர்க்கரை உள்ளவர்கள் அளவைக் கண்டிப்பாகக் குறைத்தே சாப்பிட வேண்டும்.

புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர்களும் உறுப்பு மாற்று அறுவை செய்தவர்களும் டாக்டரைக் கேட்காமல் புரோபயாட்டிக் மாத்திரையைத் தொடவே கூடாது, அவர்களுக்கு அந்த பாக்டீரியாவே ரத்தத்தில் தொற்றாக மாறலாம்.