சிறிய இணையப் பரிமாற்ற மையத்துக்கு ஸ்விட்ச் வாங்குவது எப்படி?

ஒரு நகரத்தின் இணைய நிறுவனங்கள் தங்கள் போக்குவரத்தை நேரடியாகக் கைமாற்றிக்கொள்ள வந்து சேரும் பொது ஈதர்நெட் தளமே இணையப் பரிமாற்ற மையம். பாதையைத் தீர்மானிக்கும் வேலையை உறுப்பினர்களின் ரவுட்டர்களும், பேர்ட் போன்ற மென்பொருள் ஓடும், உறுப்பினர்களின் பாதைத் தகவல்களைத் திரட்டி எல்லோருக்கும் பகிரும் ரூட் சர்வரும் பார்த்துக்கொள்கின்றன. நடுவிலிருக்கும் ஸ்விட்ச், வந்ததை உரிய போர்ட்டுக்குத் தள்ளினால் போதும். ஆகவே ஒரே இடத்தில் இயங்கும் மையம், பாக்கெட்டுகளுக்கு அடையாளச்சீட்டு ஒட்டிப் பல இடங்களுக்கு நடத்திச் செல்லும் எம்பிஎல்எஸ், பெரிய ரூட்டிங் அட்டவணை போன்றவற்றுக்கான லைசென்ஸை வாங்கத் தேவையில்லை. விற்பனையாளர் எவ்வளவு வற்புறுத்தினாலும் இதில் இறங்கிவர வேண்டாம்.

முதலில் உறுப்பினர்களை வேகவாரியாக எண்ணுங்கள். 10ஜி (வினாடிக்கு 10 கிகாபிட்) கேட்பவர்கள் பதினைந்து பேர், 1ஜி போதும் என்பவர்கள் ஆறு பேர், 100ஜி கேட்கும் உள்ளடக்க நிறுவனங்கள் மூன்று என்று வைத்துக்கொண்டால், 48 போர்ட்டுகள் 25ஜி வேகத்திலும் 8 போர்ட்டுகள் 100ஜி வேகத்திலும் கொண்ட ரேக்கில் ஓர் அலகு உயரம் மட்டும் பிடிக்கும் பெட்டி பொருந்தும். அதன் விவரத்தாளில் 4 டெராபிட் என்று அச்சிட்டிருந்தால் மயங்க வேண்டாம்: 1,200 கிகாபிட்டும் 800 கிகாபிட்டும் சேர்ந்து 2 டெராபிட்தான், போவதையும் வருவதையும் தனித்தனியாக எண்ணி இருமடங்காக்கிக் காட்டுவது இத்தொழிலின் பழைய வழக்கம். இவ்வகைப் பெட்டிகளில் வேறு இரண்டு சிக்கல்களும் உண்டு. 25ஜி போர்ட்டுகள் பல மாடல்களில் நான்கு நான்காகக் கட்டப்பட்டிருப்பதால், ஒரு கட்டில் ஒருவர் 10ஜி எடுத்தால் மற்ற மூவரும் 25ஜிக்கு மாற முடியாமல் போகலாம். 1ஜி வேகத்தை அறவே ஏற்காத மாடல்களும் இருக்கின்றன. சிறிய உறுப்பினர்களை நம்பித் தொடங்கும் மையத்துக்கு இது பெரிய இடி.

பஃபர், அதாவது பாக்கெட்டுகள் காத்திருக்கும் தற்காலிக நினைவகம், பற்றி வாதங்கள் ஓய்வதில்லை. 100ஜியில் வரும் பாய்ச்சல் 10ஜி போர்ட் வழியே வெளியேற வேண்டியிருக்கும்போது, இடையில் தேங்கும் பாக்கெட்டுகளைத் தாங்க நினைவகம் தேவை என்பது உண்மையே. பிராட்காம் நிறுவனத்தின் ட்ரைடெண்ட் 3 ஸ்விட்ச் சில்லில் 32 மெகாபைட் பஃபர் உண்டு. அது முழுவதையும் ஒரே 10ஜி போர்ட்டுக்குக் கொடுத்தாலும் சுமார் 25 மில்லிவினாடிக்குத்தான் தாங்கும், நடைமுறையில் அதில் ஒரு பங்குதான் கிடைக்கும். கிகாபைட் கணக்கில் பஃபர் வைத்த அதே நிறுவனத்தின் ஜெரிக்கோ சில்லுப் பெட்டிகள் இதைத் தீர்க்கின்றன, ஆனால் விலை எகிறிவிடும். சிறிய மையம் அந்தப் பணத்தைச் செலவிடுவதைவிட, போர்ட் நிரம்பி வழியும் உறுப்பினரை அடுத்த வேகத்துக்கு மாறச் சொல்வதே சரி என்பது என் கருத்து.

விட்டுக்கொடுக்கக் கூடாதவையும் உண்டு. ஒரு போர்ட்டில் ஒரே ஒரு மேக் முகவரியை (கருவியின் வன்பொருள் முகவரியை) மட்டும் அனுமதிப்பது, ஐபிவி4, ஐபிவி6, ஐபி முகவரிக்குரிய மேக் முகவரியைக் கேட்டறியும் ஏஆர்பி தவிர மற்ற வகைச் சட்டகங்களை (ஈதர்நெட் பாக்கெட்டுகளை) உள்ளே வரும்போதே தடுப்பது, எல்லோருக்கும் அனுப்பப்படும் சட்டகங்கள் பெருகும் பிராட்காஸ்ட் புயலுக்கு வரம்பிடுவது ஆகிய மூன்றும் வன்பொருளிலேயே நடக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓர் உறுப்பினரின் கேபிள் பிழையில், சட்டகங்கள் திரும்பத் திரும்பச் சுற்றிவரும்படி ஏற்படும் சுழல் மொத்த மையத்தையும் வீழ்த்திவிடும். கடந்து செல்லும் பாக்கெட்டுகளில் மாதிரி எடுத்து அனுப்பும் எஸ்ஃப்ளோ வசதியும் அவசியம்: அயர்லாந்தின் பரிமாற்ற மையமான ஐனெக்ஸ் உருவாக்கிய ஐஎக்ஸ்பி மேனேஜர் என்ற நிர்வாக மென்பொருள், யார் யாருக்கிடையே எவ்வளவு போக்குவரத்து என்று வரைந்து காட்டுவது அந்தத் தரவை வைத்துத்தான்.

வன்பொருளை ஒருவரிடமும் மென்பொருளை வேறொருவரிடமும் வாங்குவது இன்று துணிச்சலான காரியம் அன்று. 1994இல் ஐந்து நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய லண்டன் மையமான லின்க்ஸ், தன் இரண்டாவது வலையை எட்ஜ்கோர் பெட்டிகளையும் ஐபி இன்ஃப்யூஷன் மென்பொருளையும் கொண்டு புதுப்பித்தது. ஆனால் இப்படிப் பிரித்து வாங்குபவர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: ஸ்விட்ச் மென்பொருள் நிறுவனமான க்யூமுலஸை 2020இல் என்விடியா வாங்கியபின், அதன் மென்பொருளின் புதிய பதிப்புகளில் பிராட்காம் சில்லுகளுக்கு ஆதரவு நின்றுபோனது. பெட்டி நன்றாகவே இருக்கும், அதில் ஏற்றப் புதிய மென்பொருள்தான் இருக்காது. பழைய சந்தையில் அரிஸ்டா 7050, ஜூனிப்பர் க்யூஎஃப்எக்ஸ்5100 போன்றவற்றைத் தேடுபவருக்கும் இதே கேள்விதான்: பாதுகாப்புத் திருத்தங்கள் இன்னும் எத்தனை ஆண்டுகளுக்கு வரும், லைசென்ஸ் உங்கள் பெயருக்கு மாறுமா? இரண்டுக்கும் எழுத்தில் பதில் கிடைத்தால், புதிய பெட்டி ஒன்றின் விலையில் பழையவை இரண்டை வாங்கி ஒன்றை உதிரியாக வைப்பதையே நான் விரும்புவேன்.

ஸ்விட்சின் விலையில் கவனம் வைத்து, போர்ட்டில் செருகி ஒளியிழைக் கேபிளை இணைக்கும் ஆப்டிக்ஸை மறந்துவிடுவோர் பலர். எல்லாப் போர்ட்டுகளுக்கும் தயாரிப்பாளரின் முத்திரையுள்ள ஆப்டிக்ஸ் வாங்கினால் அதன் மொத்த விலை பெட்டியின் விலையையே தாண்டிவிடக்கூடும். எனவே பிறர் தயாரித்த ஆப்டிக்ஸை அந்த ஸ்விட்ச் ஏற்குமா, ஒளி அளவை அதிலிருந்து படிக்க முடியுமா என்று முன்பே உறுதி செய்யுங்கள். 100ஜி ஆப்டிக்ஸில் எல்ஆர்4 வகைக்குப் பிழைதிருத்தம் (எஃப்இசி) தேவையில்லை, சிடபிள்யூடிஎம்4 வகைக்குத் தேவை. இரு முனைகளிலும் இந்த அமைப்பு ஒத்திராவிட்டால் ஒளி சரியாக வந்தும் இணைப்பு எழாது. மின்சாரமும் சில்லறைச் செலவு அன்று. 100 வாட் கூடுதலாக இழுக்கும் பெட்டி, குளிரூட்டலைச் சேர்க்காமலே, ஆண்டுக்கு 876 யூனிட் விழுங்கும். காற்று எந்தப் பக்கம் இழுக்கப்பட்டு எந்தப் பக்கம் வெளியேறுகிறது என்பதையும் தரவு மையத்தின் அமைப்போடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஆர்டர் கொடுக்க வேண்டும்.

பணம் கட்டும் முன் ஒரு மாதிரிப் பெட்டியை இரவலாகக் கேளுங்கள். இரண்டு ரவுட்டர்களை அதில் இணைத்து, ஒரு போர்ட்டில் வேண்டுமென்றே இரண்டாவது மேக் முகவரியிலிருந்தும் ஸ்விட்சுகள் சுழலைத் தவிர்க்கத் தங்களுக்குள் பேசும் ஸ்பானிங் ட்ரீ வகையிலும் சட்டகங்களை அனுப்பி, அவை தடுக்கப்படுகின்றனவா, பதிவேட்டில் எழுதப்படுகின்றனவா என்று பாருங்கள். பிறகு ஒரு மின்வழங்கியைப் பிடுங்குங்கள். அப்போதும் பாக்கெட் இழப்பு இல்லையென்றால், மற்றொன்றையும் பிடுங்கிவிட்டு, மீண்டும் மின்சாரம் கொடுத்தது முதல் பெட்டி முழுதாக எழும்வரை ஆகும் நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.