பத்மினி ஸ்டார்ட் ஆகவில்லையா? செல்ஃப் மோட்டாரைக் கழற்றும் முன் இதைப் படியுங்கள்

போன மாதம் ஒரு தம்பி போன் செய்தார். 1986 பிரீமியர் பத்மினி கார், வாங்கி நாலு மாதம்தான் ஆகிறது. "அண்ணா, செல்ஃப் சரியா எடுக்க மாட்டேங்குது. பேட்டரி புதுசு போட்டேன். செல்ஃப் மோட்டாரைக் கழற்றி, உள்ளே இருக்கிற செம்புச் சுருளை, அதான் காயிலை, புதுசா கட்டினேன். இன்னும் அப்படியேதான் இருக்கு" என்றார். கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. 2009-இல் நானும் அச்சு அசலாக இதையேதான் செய்தேன். முதலில் பேட்டரி, அப்புறம் மோட்டார், வரிசைகூட மாறவில்லை.

டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா, பேட்டரி கிளாம்ப் இறுக்கமாக இருக்கிறதா என்பதையெல்லாம் நீங்களே பார்த்திருப்பீர்கள். அதற்குப் பிறகு எங்கே தவறுகிறோம் என்பதுதான் இங்கே விஷயம்.

எர்த்தைப் பார்க்காமல் செல்ஃப் மோட்டாரைக் கழற்றுவது

சாவியைத் திருப்பினால் "டக்" என்று ஒரு சத்தம் வந்து நின்றுவிடும். இல்லையென்றால் எஞ்சின் மூச்சு வாங்கிக்கொண்டு மெதுவாகச் சுற்றும். உடனே பேட்டரி வீக், இல்லாவிட்டால் மோட்டார் போச்சு என்று முடிவு கட்டிவிடுகிறோம். பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து செல்ஃபுக்குப் போகும் தடித்த கேபிளை எல்லோரும் பார்ப்பார்கள். போன கரண்ட் திரும்பி வந்தாக வேண்டுமே, அந்த வழியை, அதாவது எர்த்தை, யாரும் பார்ப்பதில்லை.

எஞ்சின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுண்டிங் மேல். ரப்பரில் கரண்ட் பாயாது. அதனால் எஞ்சின் பக்கத்திலிருந்து பாடிக்கு ஒரு செம்புப் பின்னல் பட்டையைப் போல்ட் போட்டு இணைத்திருப்பார்கள். செல்ஃபின் கரண்ட் முழுதும் அதன் வழியாகத்தான் திரும்ப வேண்டும். நாற்பது வருட எண்ணெயும் தூசியும் அப்பி, போல்ட்டுக்கு அடியில் களிம்பு பிடித்து, மேலே பார்க்க நன்றாகவே இருக்கும்.

ஒரு கணக்குப் போடுவோம். செல்ஃப் 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இணைப்பில் வெறும் 0.02 ஓம் தடை இருந்தாலே 3 வோல்ட் அங்கே காணாமல் போய்விடும். சுமை ஏறியதும் பேட்டரியே பத்தரை வோல்ட்டுக்கு இறங்கியிருக்கும். மோட்டாருக்கு மிஞ்சுவது ஏழரை. பாவம், அது எப்படிச் சுற்றும்? இதே எர்த்தில் டெஸ்ட் பல்பைக் கொடுத்தால் பளிச்சென்று எரியும், ஏனென்றால் பல்பு இழுப்பது ஒன்றிரண்டு ஆம்பியர்தான். மல்டிமீட்டரின் ஓம்ஸ் அளவிலும் 0.02 சரியாகத் தெரியாது. "எர்த்தெல்லாம் செக் பண்ணிட்டேன்" என்று பலர் நம்பி ஏமாறுவது இங்கேதான்.

என் வண்டியில் இது எப்படி வெளிப்பட்டது தெரியுமா? புது பேட்டரி போட்டு, மோட்டாருக்குக் காயில் கட்டி, பதினோராயிரம் ரூபாய் செலவான பிறகு, ஒரு நாள் மாலை பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மனைவியைச் சாவி திருப்பச் சொன்னேன். நாலாவது முறை பிளாஸ்டிக் தீயும் வாடை. சோக் கேபிளை (குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் போக இழுப்பது) தொட்டேன், விரல் சுட்டுவிட்டது. பட்டை வழியாகத் திரும்ப முடியாத கரண்ட், கார்புரேட்டரிலிருந்து டேஷ்போர்டுக்கு வரும் சோக் கேபிளின் இரும்பு உறை வழியாக ஓடிக்கொண்டிருந்தது!

தெருமுனை ஆட்டோ எலக்ட்ரீஷியன் வந்து, ஒரு தடித்த ஜம்பர் கேபிளின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் மாட்டினார். சாவியைத் திருப்பியதும் சட்டென்று பிடித்துக்கொண்டது. பட்டையைக் கழற்றினால், அது உட்காரும் இடத்தில் பெயிண்ட். முந்தைய வருடம் எஞ்சின் அறைக்குப் பெயிண்ட் அடித்தபோது அங்கேயும் சேர்த்து அடித்திருக்கிறார்கள். உப்புத்தாளால் இரும்பு வெள்ளையாகும்வரை தேய்த்து, பல் வாஷர் போட்டு முடுக்கி, மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவினார். மொத்தம் அரை மணி நேர வேலை. பணம் போனதுகூடப் பரவாயில்லை. எந்தக் குறையும் இல்லாத கம்பெனி காயிலை நானே பிய்த்தெறியக் கொடுத்தேனே, அது இன்றைக்கும் ஆறவில்லை. கட்டிய காயில் இரண்டு வருடம்கூடத் தாங்கவில்லை.

ஆகவே, முதலில் அளந்து பாருங்கள். நியூட்ரலில் போட்டு ஹேண்ட்பிரேக்கை இழுங்கள். இக்னிஷன் காயிலுக்கு (ஸ்பார்க்குக்கு வேண்டிய வோல்ட்டேஜ் தருவது, மோட்டார் காயில் அல்ல) வரும் மெல்லிய ஒயரைக் கழற்றிவிட்டால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் சுற்ற மட்டும் செய்யும். மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்து, ஒரு முள்ளைப் பேட்டரியின் மைனஸ் முனையில் வையுங்கள், கிளாம்பில் அல்ல. மற்றதை எஞ்சினில் பெயிண்ட் இல்லாத இடத்தில் வையுங்கள். ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குறை எர்த்தில் இருக்கிறது. அடுத்து பிளஸ் முனைக்கும் செல்ஃபின் பெரிய டெர்மினலுக்கும் நடுவே இதேபோல் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்து, சுற்றும்போது பேட்டரியும் 10 வோல்ட்டுக்குக் கீழே போகாவிட்டால், அப்போது மோட்டாரைச் சந்தேகப்படலாம்.

போன் செய்த தம்பிக்கும் ஜம்பர் கேபிள்தான் பதில் சொன்னது. அவருடைய பழைய பேட்டரி எக்ஸ்சேஞ்சில் போய்விட்டது.

பழைய கண்டென்சரைத் தூக்கி எறிவது

வண்டி இருபது நிமிடம் ஓடி நின்றுவிடும். ஆறியதும் ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். டெல்கோவை, அதாவது பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்தால், உள்ளே கரண்டைத் திறந்து மூடும் சி.பி. பாயிண்ட் கருகியிருக்கும், ஸ்பார்க் மஞ்சளாக நோஞ்சானாக வரும். இதற்குப் பாயிண்ட்டோடு இணைத்திருக்கும் சின்ன உருளையான கண்டென்சர் காரணமாக இருக்கலாம். புதிது என்பதற்காக நம்பிவிடாதீர்கள். இப்போது கடையில் வாங்குவது ஒரு வாரத்தில் போனதையும் பார்த்திருக்கிறேன். நன்றாக ஓடிய பழையது ஒன்றைத் துணியில் சுற்றி டேஷ்போர்டு பெட்டியில் எப்போதும் வைத்திருக்கிறேன்.

ஒரே நேரத்தில் இரண்டு பாகம் மாற்றுவது

வேண்டாம், எது குறை என்று கடைசிவரை தெரியாது.

ஸ்பார்க் பார்க்காமல் கார்புரேட்டரைப் பிரிப்பது

கொஞ்ச நேரம் செல்ஃப் அடித்தபின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை, நனைந்திருந்தால் பெரும்பாலும் கரண்ட் பக்கம் குறை.

சூடான எஞ்சினுக்குச் சோக் இழுப்பது

மே மாத மதியம், திண்டிவனம் பக்கம் டீ குடிக்க நிறுத்துகிறீர்கள். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தால் ஸ்டார்ட் ஆகவில்லை. கை தானாகச் சோக்குக்குப் போகும். இழுக்காதீர்கள். ஏ.சி. பம்பிலும் (டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்துத் தரும் பம்ப்) பைப்பிலும் பெட்ரோல் ஆவியாகி அடைத்திருந்தால் சோக் எதுவும் செய்யப்போவதில்லை. பானெட்டைத் திறந்து, ஈரத்துணியைப் பம்ப் மேல் போட்டுக் கால் மணி நேரம் காத்திருங்கள். ஏற்கெனவே சோக் இழுத்து எஞ்சின் பெட்ரோலில் மூழ்கி, வாடை அடித்தால் சோக்கை முழுதும் உள்ளே தள்ளிவிட்டு, ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்துப் பிடித்தபடி செல்ஃப் அடியுங்கள். காலை எடுத்து எடுத்து மிதித்தால் இன்னும் பெட்ரோல்தான் இறங்கும். மூன்று நான்கு சுற்றில் இருமிக்கொண்டு எஞ்சின் எழும்.