முத்திரை போட்ட பேஸ்பால் கார்டு: விலை போடும்போது எங்கே சறுக்குகிறோம்?

அமெரிக்கக் கார்டு நிறுவனமான டாப்ஸ் 1991-ல் வெளியிட்ட, வீரர்களின் படம் போட்ட பேஸ்பால் சேகரிப்புக் கார்டு வரிசையில் மொத்தம் 792 கார்டுகள். அளவே இல்லாமல் அச்சடித்த காலம் அது. இன்றும் அமெரிக்காவில் பழைய வீடுகளைக் காலி செய்யும்போது பெட்டி பெட்டியாக வந்து விழும், வாங்கத்தான் ஆள் இருக்காது. ஆனால் அதே வரிசையில் ஒரு சிறு பங்கு தனியாகப் பிரிந்து, வளைகுடாப் போருக்காகச் சவுதி அரேபியாவில் முகாமிட்டிருந்த அமெரிக்கப் படையினருக்குப் போனது. அந்தக் கார்டுகளில் மட்டும் முன்பக்கத்தில் கேடய வடிவில், பனை போன்ற ஒரு மரத்தோடு, தங்கநிற ஃபாயில் (பளபளக்கும் மெல்லிய தகடு) முத்திரை இருக்கும். டெசர்ட் ஷீல்டு கார்டு என்பது இதுதான்.

333-ஆம் எண் கார்டு, பின்னாளில் தலைசிறந்த வீரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பிடித்த சிப்பர் ஜோன்ஸின் ரூக்கி கார்டு, அதாவது அவருடைய அறிமுகக் காலக் கார்டு. முத்திரை இல்லாத சாதாரணப் பிரதி சில டாலருக்குக் கிடைக்கும். முத்திரையோடு நல்ல நிலையில் இருந்தால் நூற்றுக்கணக்கில் போகும், கார்டின் நிலையைச் சோதித்து மதிப்பெண் தரும் நிறுவனங்களின் உச்ச கிரேடு வாங்கியிருந்தால் ஆயிரங்களைத் தொடும். இரண்டுக்கும் படம் ஒன்று, காகிதம் ஒன்று, அச்சு ஒன்று. விலை முழுக்க அந்தத் தங்கநிற முத்திரையில்தான் இருக்கிறது.

பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது. போலிக் கார்டு என்றதும் நாம் காகிதத்தைத் தடவிப் பார்ப்போம், பின்பக்க அச்சைப் பார்ப்போம், அசல் கார்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்து நிறத்தை ஒப்பிடுவோம். டெசர்ட் ஷீல்டு விஷயத்தில் இது எதுவும் உதவாது. மோசடி செய்பவர் அசல் 1991 கார்டையே எடுத்து, மேலே போலி முத்திரையை மட்டும் அடிக்கிறார். கார்டுக்கு வைக்கும் எல்லாச் சோதனையிலும் அது தேறிவிடும். பார்க்க வேண்டியது முத்திரையை மட்டுமே.

ஒரு கார்டு கண்காட்சியில் என் கையில் அப்படி ஒன்று வந்தது. வெறும் கண்ணுக்கு அழகாக மின்னியது. நகைக்கடையில் வைத்திருப்பார்களே, அந்தப் பத்து மடங்கு லென்ஸை வைத்துப் பார்த்தேன். மர ஓலைகள் தனித்தனியாகப் பிரியாமல் ஒரே திட்டாக அப்பியிருந்தன, கேடயத்தின் விளிம்புக்கோடு ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலிந்திருந்தது. போனில் கிரேடிங் ஆன ஒரு கார்டின் பெரிய படத்தைத் திறந்து பக்கத்தில் வைத்ததும் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்துவிட்டது. முத்திரை அழுந்திய தடம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து முடிவு செய்வார்கள் சிலர். அதை நம்பாதீர்கள். சூடான அச்சை வைத்து ஃபாயிலை அழுத்தும் இயந்திரம் யாரும் வாங்கக்கூடியது, போலியும் அழுந்தித்தான் இருக்கும்.

சரி, முத்திரை அசல்தான். அதனாலேயே விலை வந்துவிடுமா? அந்த 792 கார்டுகளில் பெரும்பாலானவற்றை இன்று யாரும் தேடுவதில்லை. 1-ஆம் எண் நோலன் ரயன், 150-ஆம் எண் கால் ரிப்கன், 790-ஆம் எண் கென் கிரிஃபி ஜூனியர் போன்றவர்களுக்குத்தான் கூட்டம். வரிசையை முழுதாகச் சேர்ப்பவர்கள் மற்றதையும் வாங்குவார்கள், ஆனால் அதற்கு வேறு விலை.

முத்திரை என்றாலே அரிது என்று நினைப்பதும் தவறு. டாப்ஸ் தன் பழைய கார்டுகளைச் சந்தையிலிருந்து வாங்கி, நினைவு முத்திரை அடித்து, புதிதாக விற்கும் கார்டு பாக்கெட்டுகளுக்குள் திரும்பப் போடுவதுண்டு. ‘பைபேக்’ என்பார்கள். சாதாரண வீரரின் பழைய கார்டில் முத்திரை விழுந்தால் பெரிதாக எதுவும் மாறாது. பழைய கார்டை அது வந்தபடியே வைத்திருக்க விரும்புகிறவர்களோ அதை ஒரு குறையாகவே பார்க்கிறார்கள். என் கருத்தும் அதுதான்.

இப்போதைய கார்டுகளில் ‘23/50’, அதாவது ஐம்பதில் 23-ஆவது, என்று எண் முத்திரை வருகிறது. ஐம்பதுதான் இருக்கிறது என்று உடனே பரவசப்பட வேண்டாம். ஒரே கார்டு பல நிறங்களில் வரும், அந்த ஐம்பது அந்த ஒரு நிறத்துக்கான கணக்கு. டாப்ஸின் ‘குரோம்’ வரிசையில் தங்கநிறம் 50, ஆரஞ்சு 25, சிவப்பு 5, சூப்பர்ஃபிராக்டர் என்ற வகை ஒன்றே ஒன்று. எண் இல்லாதவை வேறு. ஒரே வீரருக்கு ஒரே ஆண்டில் இத்தனையும் இருக்கும்போது, எண்ணை மட்டும் பார்த்து விலை சொல்ல முடியாது. எண் வீரரின் ஜெர்சி எண்ணோடு பொருந்துகிறது என்பதற்காக ‘ஒன்றே ஒன்று’ என்று விற்பவரும் உண்டு. அதை விரும்பிக் கூடுதலாகக் கொடுக்கும் ரசிகர் இருக்கலாம், ஆனால் கார்டு ஐம்பதில் ஒன்றுதான்.

விலையை எங்கே பார்க்கிறோம் என்பதும் முக்கியம். ஈபே இணையச் சந்தையில் கேட்கும் விலை யாருடைய ஆசையும் ஆகலாம். விற்று முடிந்தவற்றைத் தனியாக வடிகட்டிப் பாருங்கள். அங்கேயும் ஒரு நுணுக்கம்: விலையின் மேல் கோடு அடித்திருந்தால், பேரம் பேசிக் குறைத்து விற்றிருக்கிறார்கள் என்று பொருள். கோடு அடித்த தொகையைச் சந்தை விலை என்று எடுத்துக்கொண்டால் கணக்கு தப்பும். அப்புறம், பிஎஸ்ஏ என்ற கிரேடிங் நிறுவனத்தின் உச்ச கிரேடான 10 வாங்கிய கார்டு போன விலையைக் காட்டி, கிரேடே ஆகாத கார்டுக்குப் பேசுவார்கள். ஒரே கிரேடைத்தான் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும்.

கிரேடிங் நிறுவனம் மூடித் தரும் பெட்டிக்குள் கார்டு இருப்பதால் நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. உலகின் மிகப் புகழ்பெற்ற கார்டான, டி206 என்ற பழைய வரிசையில் வந்த ஹோனஸ் வாக்னர் என்ற வீரரின் கார்டில் ஒரு பிரதி, பிஎஸ்ஏ 8 என்ற கிரேடோடு பல ஆண்டுகள் கைமாறியது. அதன் ஓரங்களைத் தானே வெட்டிச் சீர்செய்ததாக ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ 2013-ல் ஒப்புக்கொண்டார். பெட்டியின் மேலுள்ள சான்றிதழ் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே படம் இருந்தால் கையிலிருக்கும் கார்டின் மூலைகளோடும் முத்திரை உட்கார்ந்திருக்கும் இடத்தோடும் ஒப்பிடுங்கள். உள்ளே கார்டை மாற்றியிருந்தால் பெரும்பாலும் அங்கேதான் தெரியும்.

உங்களிடமே டெசர்ட் ஷீல்டு கார்டு இருந்தால் தூசி என்று துணியால் முத்திரையைத் துடைக்காதீர்கள். ஃபாயில் கீறிவிடும், அது லென்ஸ் இல்லாமலே வெளிச்சத்தில் தெரியும்.