மாதிரி நீராவிப் படகுக்குப் பொருத்தமான இன்ஜின் ஒலியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மின்மோட்டாரில் ஓடும் மாதிரி நீராவிப் படகுகளில் நான் அதிகம் கேட்பது ரயில் இன்ஜினின் 'குப்குப்' ஒலிதான். எவ்வளவு நுணுக்கமாகக் கட்டிய படகானாலும் அந்தச் சத்தம் எழுந்ததும் அழகெல்லாம் கெட்டுவிடுகிறது. நீராவிக் கப்பல்கள் பலவற்றில் அந்த ஓசையே இருந்ததில்லை. ஆகவே ஒலிக்கோப்பைத் தேடும் முன், உங்கள் மாதிரிக்கு மூலமான கப்பல் எப்படி ஓடியது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

படி 1: நீராவி எங்கே போகிறது?

பிஸ்டனைத் தள்ளி முடித்த நீராவி வெளியே பாயும்போதுதான் 'குப்' என்ற ஓசை பிறக்கிறது. அதைக் காற்றில் விட்டுவிடும் இன்ஜின் சத்தம் போடும். கண்டென்சருக்குள் அனுப்பிக் குளிரவைத்து மறுபடி நீராக்கும் இன்ஜின் ஏறக்குறைய அமைதியாக ஓடும்.

அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றில் ஓடிய, பின்புறம் துடுப்புச் சக்கரம் கொண்ட பின்சக்கரப் படகுகள் பெரும்பாலும் முதல் வகை. உயர் அழுத்த நீராவி, கூரைக்கு மேல் நீண்டிருக்கும் குழாய்கள் வழியே வெளியேறும். படகு கண்ணில் படுவதற்கு முன்பே அந்த இருமல் கேட்டுவிடும். ஸ்காட்லாந்தின் வேவர்லி என்ற துடுப்புச் சக்கரக் கப்பல் இதற்கு நேர்மாறு. 1946இல் நீரில் இறக்கப்பட்ட அந்தக் கப்பலின் மூன்று சிலிண்டர் இன்ஜினைப் பயணிகள் அருகில் நின்றே பார்க்கலாம். பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் பெரிய கிராங்குகள் நிதானமாகச் சுழலும். எண்ணெயில் மின்னும் தண்டுகள் முன்னும் பின்னும் போய்வரும். 'குப்' என்ற ஓசை மட்டும் இருக்காது. துடுப்புச் சக்கரம் நீரை அறைவதுதான் ஓங்கிக் கேட்கும். இப்படிப்பட்ட கப்பலின் மாதிரிக்கு இன்ஜின் ஒலியைவிட நல்ல நீரொலிதான் தேவை.

ஏரிகளில் ஓடிய சிறிய படகுகளில் இரு வகையும் உண்டு. வரைபடத்தைப் பாருங்கள். வெளியேறும் குழாய் புகைபோக்கிக்குள் போனால் குப்குப் சரி. படகின் அடிப்புறம் நீருக்குள் நீளமாக ஒரு குழாய் ஓடினால் அது கண்டென்சர், குப்குப் வேண்டாம்.

படி 2: துடிப்பைக் கணக்கிடுங்கள்

பிஸ்டனின் இரு பக்கமும் நீராவி தள்ளும் இன்ஜினில், ஒரு சிலிண்டர் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை துடிக்கும், அதாவது 'குப்' என்னும். இரண்டு சிலிண்டர்கள், கிராங்குகள் செங்கோணத்தில் இருந்தால் நான்கு முறை. பின்சக்கரம் நிமிடத்துக்கு 20 முறை சுற்றினால் 80 துடிப்பு. ஒவ்வொன்றையும் தனியாகக் கேட்கலாம். 300 சுற்றில் ஓடும் ஒற்றைச் சிலிண்டர் சிறு படகிலோ விநாடிக்கு 10 துடிப்பு வந்து ஒன்றோடொன்று இழைந்துவிடும். ஒரே நீராவியை அடுத்தடுத்த சிலிண்டர்களில் பயன்படுத்தும் காம்பவுண்ட் இன்ஜினாக இருந்தால் கடைசிச் சிலிண்டர் விடும் நீராவியை மட்டும் எண்ணுங்கள்.

மாதிரியின் மோட்டார் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும். அந்த வேகத்தை ஒலிக்குக் கொடுத்துவிடாதீர்கள். முழு வேகத்தில் எத்தனை துடிப்பு என்பதை மேலே சொன்ன கணக்கில் வையுங்கள். துடுப்புச் சக்கரப் படகில் மட்டும், கண்ணுக்குத் தெரியும் சக்கரத்தோடு ஒலி ஒத்துப்போக வேண்டும்.

படி 3: பதிவைத் தேர்ந்தெடுத்து வெட்டுங்கள்

ஃப்ரீசவுண்டு தளத்தில் உண்மையான நீராவி இன்ஜின்களின் பதிவுகள் கிடைக்கும். ஒவ்வொரு கோப்பின் உரிம நிபந்தனையையும் படித்துவிடுங்கள். ஹெட்போனில் கேட்டு, பேச்சுக்குரல், காற்றிரைச்சல், மண்டபத்து எதிரொலி உள்ளவற்றைத் தள்ளிவிடுங்கள். எதிரொலி மிக மோசமானது. திறந்த நீர்ப்பரப்பில் அது உடனே பொய்யாகத் தெரியும்.

வேகம் மாறாமல் ஓடும் ஒரு துண்டை ஆடாசிட்டி மென்பொருளில் வெட்டுங்கள். அதுதான் படகில் திரும்பத் திரும்ப ஓடப்போகிறது. துடிப்புக்குத் துடிப்பு வெட்டாமல் முழுச் சுற்றுகளாக வெட்ட வேண்டும். பிஸ்டன் தண்டு ஒரு பக்கத்தில் இடத்தை அடைத்துக்கொள்வதால் இரு பக்கத் துடிப்புகளும் ஒரே மாதிரி இருப்பதில்லை. அந்த லேசான நொண்டல்தான் இன்ஜினுக்கு உயிர், அதைச் சீராக்கிவிடாதீர்கள். வெட்டும் இடத்தில் 'டிக்' என்று கேட்காமலிருக்க, ஒலி அலை பூஜ்யத்தைக் கடக்கும் புள்ளியில் வெட்டி, வேவ் கோப்பாகச் சேமியுங்கள். எம்பி3 கோப்பு திரும்ப ஓடும்போது நடுவில் சிறு இடைவெளி விழும்.

படி 4: மாட்யூலும் ஸ்பீக்கரும்

சொந்த ஒலியை ஏற்றவும் வேகத்துக்கேற்பத் துடிப்பை மாற்றவும் இடம்தரும் ஒலி மாட்யூலை, அதாவது படகுக்குள் ஒலியை எழுப்பும் சிறு மின்சுற்றுப் பலகையை வாங்குங்கள். விலை மலிவான டிஎஃப்பிளேயர் மினி கோப்பை இசைக்கும், ஆனால் துடிப்பின் வேகத்தை மாற்றாது. நீரொலி மட்டும் போதும் என்பவர்களுக்கு அதுவே சரி.

பிளாஸ்டிக் கூம்பு உள்ள ஸ்பீக்கர் ஈரத்தைத் தாங்கும். அதை ஒரு சிறு பெட்டியில் பின்புறம் காற்றுப் புகாமல் அடைத்து, புகைபோக்கியின் அடியிலோ மேல்தள ஜன்னலின் அடியிலோ பொருத்துங்கள். பெட்டி இல்லாவிட்டால் அடித்தொனி காணாமல்போய்த் தகரச் சத்தம்தான் மிஞ்சும்.

படி 5: விசில்

நிறுத்தி வைத்திருந்த விசிலை ஊதும்போது குழாயில் தேங்கிய நீர் முதலில் சீறித் தெறிக்கும். அந்தத் தொடக்கம் உள்ள பதிவே மேல். கப்பல் விதிப்படி சுமார் ஒரு விநாடி நீளும் ஒரு குறுவிசில் வலப்பக்கம் திரும்புவதைக் குறிக்கும். இரண்டு என்றால் இடப்பக்கம், மூன்று என்றால் இன்ஜின் பின்னோக்கி இயங்குகிறது. ரிமோட்டில் இதற்குத் தனி சுவிட்ச் ஒதுக்குங்கள். கடைசியாக, ஒலியளவைக் கரையில் நின்று, படகைத் தண்ணீரில் விட்டபின் சரிசெய்யுங்கள். விசில் அக்கரை வரை எட்டட்டும். இன்ஜின் ஒலி படகு அருகில் வரும்போது மட்டும் கேட்டால் போதும்.