கிட் வாங்குவதா, குழாய் வாங்குவதா

லோட்டஸ் செவன் மாதிரி ஒரு குட்டி ஸ்போர்ட்ஸ் கார் கட்டணும், பிரித்த சாமான்களாகப் பெட்டியில் வருகிற கிட் வாங்கவா இல்லை இரும்புக் குழாய் வாங்கிச் சொந்தமாக வெல்டு அடிக்கவா என்று கேட்கிற தம்பிகளிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, இதை எங்கே ஓட்டப்போகிறாய் என்பதுதான். நம் திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்திலும் தென்காசி ரோட்டிலும் ஓட்டணும் என்றால் இரண்டுமே வேண்டாம். பிரிட்டனில் தனி ஆள் கட்டின ஒற்றை வண்டியைச் சோதித்துப் பதிவு செய்ய ஐவிஏ என்று ஒரு முறை இருக்கிறது. நம் ஊரில் அதற்கு ஈடாக நடைமுறையில் எதுவும் கிடையாது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 126-வது விதிப்படி வண்டியின் மாதிரியை புனே ஏஆர்ஏஐ போன்ற சோதனை நிலையத்தில் கொடுத்துச் சான்று வாங்கவேண்டும், அது கம்பெனிகளுக்காக ஏற்பட்ட வழி, வீட்டுக் கொட்டகையில் ஒரே ஒரு வண்டி செய்கிறவர் அதில் போய் மீளமுடியாது. சரி, பழைய வண்டியின் ஆர்சியில் ஓட்டிக்கொள்ளலாமே என்றால் கம்பெனி செய்த அமைப்பை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு தடுக்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. பழைய சேஸ் நம்பரை வெட்டி எடுத்துப் புது சேஸில் ஒட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள், அது குற்றம்.

ஆக இது டிராக்கில் ஓட்டுகிற வண்டி. டிரெய்லரில் ஏற்றி கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கோ, சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டைக்கோ கொண்டுபோகணும், இல்லாவிட்டால் வேலி போட்ட சொந்த நிலத்தில் ஓட்டணும். போட்டியில் இறங்கும் எண்ணம் இருந்தால் எந்தப் பிரிவு என்று முடிவுசெய்து அந்த விதிப்புத்தகத்தை முதலில் படியுங்கள், வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்கிற ரோல் பாரின் குழாய்க் கனம்கூட அதைப் பொறுத்துத்தான். இது மனதுக்குச் சரிப்பட்டால் மட்டும் மேலே படியுங்கள்.

கிட் என்றால் என்ன வாங்குகிறோம் என்பதில்தான் நிறையப் பேருக்குக் குழப்பம். லோட்டஸ் கம்பெனியின் கோலின் சாப்மன் 1957-ல் செவனைக் கொண்டுவந்தபோது அதைப் பிரித்த நிலையிலும் விற்றதற்குக் காரணம் அந்நாட்டு வரி, முழு வண்டிக்கு உண்டான கொள்முதல் வரி பிரித்து விற்றால் கிடையாது. 1973-ல் உரிமை கேட்டர்ஹாம் என்ற கம்பெனிக்குப் போனது, இன்றைக்கும் அவர்கள் கிட்டாகவும் தருகிறார்கள். பெட்டியில் வருவதில் விலை மதிப்பானது சேஸும் தொங்கலும் (சஸ்பென்ஷன்) தான். சக்கரத்தைச் சேஸோடு இணைக்கிற கவை மாதிரியான ஆர்முக்கு விஷ்போன் என்று பெயர், அதை மாட்டுகிற காதுகள் எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் மில்லிமீட்டர் பிசகாமல் வெல்டாகி வருகிறது பாருங்கள், அந்த அளவுக்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். உங்கள் பங்குக்கு ஸ்பேனர் வேலை மட்டும்தான், வெல்டிங் மெஷினே தேவையில்லை.

திருநெல்வேலிக்கு இந்தக் கிட்டைக் கொண்டுவருவதுதான் கஷ்டம். தூத்துக்குடித் துறைமுகம் பக்கத்திலேயே இருக்கிறது என்பது உண்மை, ஆனால் செலவு தூரத்தில் இல்லை, தீர்வையில்தான். ஒரு பொருள் பிரித்து வந்தாலும், முழுப் பொருளின் முக்கியத் தன்மை அதில் இருந்தால் முழுப் பொருளாகவே வகைப்படுத்துவது சுங்கத்தின் பொது விதி. அதனால் இஞ்சினோடு வருகிற கிட்டுக்கு வண்டிக்குரிய தீர்வையே விழலாம். ஆர்டர் போடுவதற்கு முன்பே விற்பவரிடம் சாமான் பட்டியலை வாங்கி, தூத்துக்குடியில் ஒரு சுங்க ஏஜென்டிடம் காட்டி, எந்தத் தலைப்பில் வரும், எவ்வளவு ஆகும் என்று எழுத்தில் வாங்குங்கள். கப்பல் வாடகை, தீர்வை, ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்துப் பார்த்தபிறகும் கையில் பணம் மிஞ்சி, நேரம்தான் இல்லை என்கிறவருக்குக் கிட் நல்ல வழி, அதில் ஒரு குறையும் இல்லை. மிச்சப் பேருக்கு, என்னையும் சேர்த்து, குழாய்தான்.

ஆனால் சொந்தமாக அடிப்பது என்றால் சொந்த மூளையில் வரைவது என்று அர்த்தம் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். பிரிட்டனில் ரான் சாம்பியன் என்பவர் 1990-களில் செவன் மாதிரி வண்டியை மலிவாகக் கட்ட வழி எழுதினார், லோகோஸ்ட் என்ற பெயர் அதிலிருந்து வந்தது, பல நாடுகளில் எத்தனையோ பேர் அதைக் கட்டி ஓட்டித் தவறுகளைத் திருத்தியிருக்கிறார்கள். அந்த மாதிரி தேறின வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பி எங்கே குறுக்கே போகணும், ஆர்மின் நீளம் என்ன என்பதை நீங்களும் நானும் புதிதாகக் கண்டுபிடிக்கவேண்டியதில்லை.

சதுரக் குழாய், 25-க்கு 25 மி.மீ., கனம் 1.6 மி.மீ., அதாவது 16 கேஜ். ஜன்னல் கிரில் அடிக்கிறவர்கள் வாங்குகிற அதே இரும்புக் கடையில் கிடைக்கும். கடையில் 16 கேஜ் என்று சொல்லி மெலிசானதைத் தந்துவிடுவதும் நடக்கும், ஆகையால் வெர்னியர் எடுத்துப் போங்கள், இல்லை தராசில் வையுங்கள்: 6 மீட்டர் குழாய் ஒன்று 7 கிலோ காட்டவேண்டும், ஐந்தரைக்குப் பக்கத்தில் நின்றால் அது 1.2 மி.மீ. துத்தநாகம் பூசின ஜிஐ குழாய் வேண்டவே வேண்டாம், வெல்டு அடிக்கும்போது வருகிற புகை காய்ச்சலில் படுக்கவைத்துவிடும்.

மேஜைக்கு எட்டுக்கு நாலு அடி 18 மி.மீ. பிளைவுட்டை ஆட்டம் இல்லாத இரும்புக் கால்மேல் வைத்து, ரசமட்டம் போட்டு நாலு பக்கமும் சரிபார்த்து, அதன்மேலேயே அடித்தட்டின் படத்தை முழு அளவில் பென்சிலால் வரையுங்கள். கோட்டின் இரண்டு பக்கமும் மரக்கட்டை திருகி நடுவில் குழாயை உட்காரவைத்தால் அது நகராது. என் முதல் சேஸ் சட்டத்தில் நான் ஒரு மூலையை எடுத்து, பொட்டு (நிற்கிற அளவுக்குச் சின்ன வெல்டு) வைத்து, அங்கேயே முழு வெல்டும் அடித்து, அடுத்த மூலைக்குப் போனேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கட்டையெல்லாம் கழற்றிவிட்டு மூலைக்கு மூலை டேப் பிடித்தால் ஒரு குறுக்கு இன்னொன்றைவிட 9 மி.மீ. அதிகம், ஒரு பின்மூலை மேஜையைத் தொடவே இல்லை, அடியில் விரலை விட்டால் போனது. பேட்டைப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரைக் கூட்டிவந்து காட்டினேன். குனிந்து பார்த்தவர், "தம்பி, சூடு பட்டா இரும்பு இழுக்கும்லா, ஒரே மூலையில நின்னு அடிச்சா அது கோணாம என்ன செய்யும்?" என்றார். அன்றைக்கே கிரைண்டரை எடுத்து மொத்தத்தையும் வெட்டினேன். அவர் சொல்லித்தந்த முறை இது: சட்டம் முழுவதையும், மேல்தட்டு, சாய்வுக் கம்பி எல்லாம் சேர்த்து, பொட்டு மட்டும் வைத்து நிறுத்தணும், குறுக்களவு பார்க்கணும், அப்புறம் முன் இடதில் ஒரு விரல்நீளம் அடித்தால் அடுத்தது பின் வலதில், ஆறவிட்டு, டேப் பிடித்து, மறுபடி. இரண்டாவது சட்டத்தில் வித்தியாசம் 2 மி.மீ.க்குள் நின்றது. ரோல் பாரும் விஷ்போன் காதுகளும் மட்டும் நான் அடிக்கவில்லை, அதை அவரே அடித்தார், நீங்களும் கைதேர்ந்தவரிடம் விடுங்கள்.

இஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்சில் எல்லாம் கழற்றி எடுக்கிற பழைய வண்டிக்கு, அதாவது டோனர் வண்டிக்கு வருவோம். அந்தக் காலத்துப் பதில் பத்மினி, கான்டெஸா கார்கள், இப்போது நல்ல நிலையில் கிடைப்பதும் கஷ்டம், கிடைத்தால் வெட்டவும் மனசு வராது. இன்றைக்கு என் பதில் மாருதி ஈக்கோ. செவனைப் போலவே இஞ்சின் நீளவாக்கில் இருக்கிறது, புரொப்பல்லர் ஷாஃப்ட் வழியாகப் பின்சக்கரம்தான் தள்ளுகிறது, பின்னால் முழு ஆக்சில் ஹவுசிங், 2022 வரை வந்த வண்டிகளில் 1.2 லிட்டரில் 73 குதிரைத்திறன். வேன் இஞ்சின்தானே என்று நினைக்கவேண்டாம், கேட்டர்ஹாமே 2013-ல் வந்த தன் 160 மாடலுக்கு சுசுகியின் 660 சிசி டர்போ இஞ்சினையும் சுசுகி ஆக்சிலையும்தான் போட்டது, வண்டி எடை 490 கிலோ. நம் தமிழ்நாட்டிலேயே கோவை கரிவர்தன் மாருதி 800 இஞ்சினை வைத்து ரேஸ் கார் கட்டிக் காட்டினவர்.

இடித்த ஈக்கோவை முழு வண்டியாகவே வாங்குங்கள், இஞ்சினை மட்டும் தனியாக வாங்காதீர்கள். ஈசிஎம் (இஞ்சினை ஆளுகிற கம்ப்யூட்டர் பெட்டி), சாவி, வயரிங் செட், பெட்ரோல் பம்ப், சென்சார் எல்லாம் ஒரே வண்டியுடையதாக இருந்தால்தான் ஸ்டார்ட் ஆகும், ஒயர் ஒவ்வொன்றுக்கும் கழற்றும்போதே துணி டேப் சுற்றிப் பெயர் எழுதுங்கள். ஆர்சியை முறையாக ரத்து செய்துவிட்டுப் பிரியுங்கள்.

ஈக்கோவில் சிக்கல் முன்பக்கம்தான். அதற்கு ஸ்ட்ரட் தொங்கல், ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக நக்கிளில் (சக்கரத்தைத் தாங்கித் திரும்புகிற பாகம்) போல்ட் ஆகும், ஆகவே நக்கிளின் மேலே பால் ஜாயின்ட் (எல்லாப் பக்கமும் அசைகிற மூட்டு) கிடையாது, நமக்கோ மேல் விஷ்போனை மாட்ட அங்கே ஒரு ஜாயின்ட் தேவை. ஸ்ட்ரட் போல்ட் ஆகிற இரண்டு துளையில் உட்காருகிற மாதிரி ஒரு அடாப்டரை முழு இரும்புக் கட்டியிலிருந்து கடைந்து எடுக்கவேண்டும், தகட்டை மடித்து வெல்டு வைத்ததெல்லாம் ஆகாது. அடுத்தது ஸ்டியரிங் ரேக், ஸ்டியரிங்கைத் திருப்பினால் பக்கவாட்டில் நகர்ந்து சக்கரங்களைத் திருப்புகிற பல் தண்டு. ரேக்கின் இரண்டு உள் மூட்டுகளும் மேல், கீழ் விஷ்போன்களின் உள் புஷ்களை இணைக்கிற கோட்டிலேயே வரவேண்டும். வராவிட்டால் ஒவ்வொரு மேட்டிலும் நீங்கள் திருப்பாமலே சக்கரம் தானாகத் திரும்பும். ரேக் நீளமாக இருக்கிறது என்று அறுத்து ஒட்டிக் குட்டையாக்காதீர்கள், ஸ்டியரிங்கில் வெல்டு கூடாது, அளவு பொருந்துகிற வேறு ரேக்கைத் தேடுங்கள், அதற்கு ஒரு மாசம் அலைந்தாலும் சரி.

இதனால்தான் முடிவெடுக்க நான் சொல்கிற வழி, சேஸ் அடிப்பதற்கு முன்னால் ஒரே ஒரு முன்மூலையைச் செய்து பார்ப்பது. நாலு குழாயில் ஒரு சின்னச் சட்டம், வரைபட அளவில் மேலும் கீழும் ஒவ்வொரு விஷ்போன், அடாப்டரோடு ஒரு நக்கிள், ரேக், சக்கரம், ஸ்பிரிங் மட்டும் வேண்டாம். ஜாக்கியை வைத்து சக்கரத்தை 10 மி.மீ. 10 மி.மீ. ஆகத் தூக்கி, ஒவ்வொரு தடவையும் ரிம்மின் முன்விளிம்பும் பின்விளிம்பும் இழுத்துக்கட்டின நூலிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று நோட்டில் எழுதுங்கள். இரண்டு விளிம்புக்கும் உள்ள வித்தியாசம் மாறிக்கொண்டே போனால் ரேக்கை ஏற்றி இறக்கி, ஷிம் (மெல்லிய தகடு) வைத்து மறுபடி அளக்கணும். எனக்கு இந்த ஒரு மூலைக்கு ஏழு வாரம் ஆனது, ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அதிலேயே போயின, வீட்டில் பேச்சும் வாங்கினேன், ஆனாலும் திங்கட்கிழமை வேலைக்குப் போகும்போதும் மனசு அந்தச் சக்கரத்திடமே இருந்தது. உங்களுக்கும் அப்படி இருந்தால் தைரியமாகக் குழாய் வாங்குங்கள், கட்டி முடிக்கிற இரண்டு மூன்று வருஷமும் அந்த ஆசை தாங்கும். அளக்கிறதே எரிச்சலாக இருந்து, ஓட்டத்தான் ஆசை என்று தெரிந்தால் அதுவும் நல்லதுதான், செலவு ஒரு மூலையோடு நின்றது, பணம் சேர்த்துக் கிட்டுக்குப் போங்கள்.

நடுவழி ஒன்றும் உண்டு. ரேஸ் வண்டிக்கு வேலை செய்து பழகின பட்டறையில் வரைபடத்தைக் கொடுத்து சேஸையும் விஷ்போனையும் மட்டும் அடித்து வாங்கி, மிச்சத்தை நீங்கள் பூட்டுவது. அப்படிச் செய்தால் டெலிவரி எடுக்கும்போது டேப்போடு போய், குறுக்களவை அவர்கள் முன்னாலேயே பிடித்துப் பாருங்கள், பெயின்ட் அடிப்பதற்கு முன்னால்.

எந்த வழியில் போனாலும் நம் வெயிலைக் கணக்கில் வையுங்கள். செவனின் மூக்கு சின்னது, குளிர் நாட்டுக்கு வரைந்த ரேடியேட்டர் சித்திரை மாசத்தில் இங்கே பத்தாது, மூக்குக்குள் அடங்குகிற பெரிய ரேடியேட்டரும் நல்ல ஃபேனும் ஆரம்பத்திலேயே அளந்து வாங்கிவிடுங்கள். பிரேக்கும் அப்படித்தான், ஈக்கோவின் பிரேக் பாரம் ஏற்றும் வேனுக்காகச் செய்தது, இந்த எடையில் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிடும், ஆகவே பின்லைனில் அழுத்தத்தைக் குறைக்கிற வால்வு ஒன்றைப் போட்டு, காலி மைதானத்தில் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஆரம்பித்து, முன்சக்கரம் முதலில் பூட்டுகிற வரைக்கும் திருகித் திருகிப் பாருங்கள். வெளியே நின்று எந்தச் சக்கரம் நிற்கிறது என்று பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.